விந்தணுவும் பசுவின் கருவழிச் சுரப்புகளும்

ஒரே காளையிடமிருந்து ஒரே நாளில் பெற்று உறைய வைத்த விந்தைக் கொண்டு, ஒரே ஊரில் இரண்டு பசுக்களுக்குச் சினை ஊசி போடப்படுகிறது. ஒன்று சினை பிடிக்கிறது. மற்றொன்று இருபத்தொரு நாட்கள் கழித்து மீண்டும் பருவத்துக்கு வருகிறது. விந்தில் குறை இல்லை. ஊசி போட்டவரும் ஒருவரே. அப்படியாயின் வேறுபாடு எங்கே நேர்ந்தது? கோலாரிலும் கிருஷ்ணகிரியிலும் கறவை மாடுகளை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் அறிவுப் புதிர் அன்று. ஒரு பருவம் தவறினால் மூன்று வாரத் தீவனம் வீணாகிறது. அடுத்த ஈற்றும் அதனால் கிடைக்க வேண்டிய பாலும் அந்த அளவுக்குத் தள்ளிப் போகின்றன. இரண்டு மூன்று முறை தவறிய பசு பெரும்பாலும் சந்தைக்கே போய்விடுகிறது.

இக்கேள்விக்கு விடை காண முற்பட்ட அறிவியலார், நீண்ட காலம் விந்தணுவை மட்டுமே ஆராய்ந்து வந்தனர். பசுவின் கருவழி, விந்தணு நீந்திச் செல்லும் ஒரு வெற்றுக் குழாய் என்றே கருதப்பட்டது. கடந்த எழுபது ஆண்டுகளில் இக்கருத்து முற்றிலும் மாறிவிட்டது. கருப்பைக் கழுத்து, கருப்பை, கருக்குழாய் ஆகிய ஒவ்வொன்றும் தத்தமக்குரிய நீர்களைச் சுரக்கின்றன. இச்சுரப்புகள் விந்தணுக்களைச் சலிக்கின்றன, தேர்ந்தவற்றைக் காக்கின்றன, முட்டையைத் துளைக்கும் தகுதியை அவற்றுக்கு அளிக்கின்றன, தக்க நேரத்தில் விடுவிக்கின்றன. இவற்றுள் எந்த ஒன்று தவறினாலும் கருத்தரிப்பு நிகழாது.

பெங்களூரும் செயற்கைமுறைக் கருவூட்டலும்

இவ்வாராய்ச்சிக்கு உரிய களமாகத் தென்னாட்டில் பெங்களூர் விளங்குவதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1923-ஆம் ஆண்டில் அந்நகரில் கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைத் தொழிலுக்குமான இம்பீரியல் நிறுவனம் தொடங்கப் பெற்றது. 1955-இல் அதன் தலைமையகம் கர்னாலுக்கு மாற்றப்பட்டு, தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் பெற்றது. பெங்களூர் ஆடுகோடியில் இருந்த பகுதி அதன் தென்மண்டல நிலையமாயிற்று.

இந்தியாவில் செயற்கைமுறைக் கருவூட்டல் முதன்முதலாக 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமரன் என்பவரால் செய்யப்பட்டது. 1942-இல் இஜத்நகரில் இதற்கென ஆராய்ச்சித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக அமைந்த மண்டல நிலையங்களுள் பெங்களூரும் ஒன்று. பின்னர் 1969-இல், நகருக்கு அருகிலுள்ள ஹெசரகட்டாவில், டென்மார்க் நாட்டின் உதவியுடன் உறைவிந்து நிலையம் நிறுவப்பட்டது. 1995-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம், கால்நடை ஊட்டம், உடலியங்கியல் ஆகியவற்றுக்கான தேசிய நிறுவனத்தையும் ஆடுகோடியிலேயே அமைத்தது. இவ்வாறு, விந்தைச் சேகரித்து உறைய வைக்கும் தொழிலும், இனப்பெருக்க உடலியங்கியல் ஆராய்ச்சியும் ஒரே நகரைச் சார்ந்து வளர்ந்தன.

காளையின் ஒரு முறை விந்தில் பல நூறு கோடி விந்தணுக்கள் இருக்கும். அதனை நீர்த்து, கால் மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள குச்சிகளில் நிரப்பி, மைனஸ் 196 டிகிரி வெப்பநிலையுள்ள திரவ நைட்ரஜனில் வைக்கின்றனர். நம் நாட்டில் ஒரு குச்சிக்கு 2 கோடி விந்தணுக்கள் என்பது பொது அளவு. உருக்கிய பின் அவற்றுள் பாதியேனும் உயிரோட்டத்துடன் நீந்த வேண்டும் என்பது தரக் கட்டுப்பாடு. இவ்வளவு இருந்தும், நாட்டில் களநிலையில் நூறு சினை ஊசிகளுக்கு ஏறத்தாழ 35 மட்டுமே பலனளிக்கின்றன எனக் கணக்கிடப்படுகிறது. நுண்பெருக்கியின் கீழ் விரைந்து நீந்தும் விந்தணு, பசுவின் உடலுக்குள்ளும் வெற்றி பெறும் என்பதற்கு உறுதி இல்லை என்பதையே இது காட்டுகிறது.

முதல் வாயில்: கருப்பைக் கழுத்தின் வழும்பு

பருவத்துக்கு வந்த பசுவின் அறையிலிருந்து கண்ணாடி போன்ற வழும்பு கயிறாக ஒழுகுவதை விவசாயிகள் நன்கு அறிவர். இது கருப்பைக் கழுத்தில் சுரப்பது. மற்ற நாட்களில் இவ்வழும்பு கெட்டியாகவும் குறைவாகவும் இருந்து, வாயிலை அடைத்துக் கிருமிகளைத் தடுக்கிறது. பருவக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மிகும்போது, அதில் நீரின் அளவு கூடுகிறது. இழுத்தால் அறுபடாமல் நூல்போல நீள்கிறது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் உலர வைத்து நுண்பெருக்கியில் நோக்கினால், அதிலுள்ள உப்பு, பெரணிச் செடியின் இலை வடிவத்தில் படிகமாகி இருப்பதைக் காணலாம். இப்படிக வடிவம் தெளிவாக அமைவது, பருவம் உச்சத்தில் இருப்பதற்கு அடையாளம்.

இயற்கை இணைவிழைச்சில் விந்து கருப்பைக் கழுத்துக்கு வெளியேதான் விழுகிறது. விந்தணுக்கள் இவ்வழும்பைக் கடந்தாக வேண்டும். பசுவின் கருப்பைக் கழுத்தின் உட்சுவரில், மடிப்புகளின் அடியில் மிக நுண்ணிய பள்ளங்கள் நீளவாக்கில் செல்வதை 1989-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் விவரித்தனர். பள்ளங்களின் அடியில் உள்ள வழும்பு மெல்லியது, நடுப்பாதையில் உள்ளதோ கெட்டியானது, வெளிநோக்கி ஒழுகுவது. நேராக நீந்தவல்ல விந்தணுக்கள் பள்ளங்களின் வழியே மேலேறுகின்றன. வலுவற்றவையும் உருக்குலைந்தவையும் நடுவோட்டத்தில் வெளியே தள்ளப்படுகின்றன.

ஓடும் நீரை எதிர்த்து நீந்துவது விந்தணுவின் இயல்பு. 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர், இப்பள்ளங்களைப் போன்ற நுண்வாய்க்கால்களைச் செயற்கையாகச் செய்து, அதில் நீரோட்டத்தை ஏற்படுத்திப் பார்த்தனர். காளையின் விந்தணுக்கள் எதிர்நீச்சலிட்டு முன்னேறின. பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும் டிரைக்கோமோனாஸ் இனத்து ஒட்டுண்ணியோ அடித்துச் செல்லப்பட்டது. வேண்டியதை ஏற்று வேண்டாததை விலக்கும் இவ்வாயிலின் திறன் இதனால் விளங்கும்.

சினை ஊசியில் விந்து, கருப்பைக் கழுத்தைத் தாண்டி நேரே கருப்பையின் உடற்பகுதியில் செலுத்தப்படுகிறது. அதனால்தான் பல நூறு கோடிக்குப் பதில் 2 கோடி விந்தணுக்களே போதுமானவையாகின்றன. ஆனால், முதற் சலிப்பு நடைபெறாமலே போகிறது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. எனவே அடுத்து வரும் உறுப்புகளின் பொறுப்பு மிகுகிறது.

கருப்பையில் நேரும் சோதனை

விந்து உட்சென்ற சில மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் பெருந்தொகையாகக் கருப்பைக்குள் புகுகின்றன. அயற்பொருளை அகற்றுவது அவற்றின் தொழில். இறந்த விந்தணுக்களையும் கிருமிகளையும் அவை விழுங்குகின்றன. உயிருள்ள விந்தணுக்களும் பல அதில் அழிகின்றன. செலுத்தப்பட்ட விந்தின் பெரும்பகுதி வழும்புடன் திரும்ப வெளியேறியும் விடுகிறது. கருப்பைத் தசைகளின் சுருக்கம் எஞ்சியவற்றை மேல்நோக்கி நகர்த்துகிறது. 2 கோடியில் தொடங்கிய படையில் கருக்குழாயை அடைவன சில ஆயிரங்களே.

இந்த வெள்ளணுக்களின் எழுச்சி, நலமுள்ள பசுவில் விரைவில் அடங்கிவிடுகிறது. கன்று ஈன்றபோது நேர்ந்த தொற்று முற்றும் ஆறாத பசுவிலோ கருப்பையின் உட்சுவர் முன்னரே அழற்சியுற்றிருக்கும். வெளிப்பார்வைக்கு எந்தக் குறியும் தோன்றாமலே இவ்வழற்சி நீடிப்பதும் உண்டு. அங்குச் சுரக்கும் நீரின் தன்மை மாறிவிடுவதால், எவ்வளவு சிறந்த விந்தும் பயனற்றுப் போகிறது. பலமுறை ஊசி போட்டும் சினை நிற்காத பசுக்களுள் கணிசமானவற்றுக்கு இதுவே காரணம்.

கருக்குழாய் என்னும் களஞ்சியம்

பசுவின் கருக்குழாய் ஏறத்தாழ 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. கருப்பையை ஒட்டிய குறுகிய பகுதி, சினைப்பையை ஒட்டிய அகன்ற பகுதி என அதனை இரண்டாகப் பிரிக்கலாம். கருவுறுதல் அகன்ற பகுதியின் தொடக்கத்தில் நிகழ்கிறது. விந்தணுக்கள் நேரே அங்கு ஓடிச் சென்று முட்டைக்காகக் காத்திருப்பதில்லை. 1984-இல் ஹன்டர், வில்மட் ஆகிய ஆய்வாளர்கள், கிடேரிகளில் நடத்திய ஆராய்ச்சியால் இதனைத் தெளிவாக்கினர். குறுகிய பகுதியின் அடியில் விந்தணுக்கள் 18 முதல் 20 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கப்படுகின்றன. முட்டை வெளிப்படும் வேளை நெருங்கும்போதே விடுவிக்கப்படுகின்றன. இவ்விருவருள் வில்மட் என்பவரே, பின்னர் 1996-இல் பிறந்த டாலி என்னும் படியாக்க ஆட்டினால் உலகப் புகழ் பெற்றவர்.

நிறுத்தி வைக்கும் முறை வியப்புக்குரியது. விந்து வெளிப்படும்போது, காளையின் துணைச் சுரப்பியில் உண்டாகும் சில புரதங்கள் விந்தணுவின் தலையைப் போர்வை போல் மூடுகின்றன. கருக்குழாயின் உட்சுவரில் உள்ள குற்றிழைச் செல்களின் மேற்பரப்பில் ஃபியூகோஸ் என்னும் சர்க்கரை இணைந்த புரதங்கள் உள்ளன. பூட்டும் சாவியும் போல இவ்விரண்டும் பொருந்துவதால் விந்தணு சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அவ்வாறு ஒட்டிய விந்தணுவின் உள்ளே கால்சியம் ஏறாமல் தாழ்ந்த நிலையில் இருக்கிறது. அதன் ஆற்றல் வீணாவதில்லை. அதன் வாழ்நாள் நீள்கிறது. கருக்குழாய் நீரிலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி, விந்தணுவின் மென்படலத்தைச் சிதைக்கக்கூடிய ஹைட்ரஜன் பெராக்சைடை முறித்து அதனைக் காக்கிறது. கருக்குழாய்ச் செல்கள் வெளியிடும் பிராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள், அங்குள்ள வெள்ளணுக்கள் விந்தணுவை விழுங்காதவாறு தணிக்கிறது என ஜப்பானிய ஆய்வாளர் கண்டுள்ளனர். கருப்பையில் வேட்டையாடப்பட்ட விந்தணு கருக்குழாயில் விருந்தினனாகப் பேணப்படுகிறது எனலாம்.

இத்தகைய சேமிப்பு பசுவுக்கு மட்டும் உரியதன்று. கோழியின் கருவழியில் உள்ள நுண்குழிகளில் விந்தணுக்கள் இரண்டு மூன்று வாரங்கள் உயிருடன் தங்குகின்றன. சிலவகை வௌவால்கள் பல மாதங்களும், தேனீக்களின் அரசி பல ஆண்டுகளும் அவற்றைச் சேமித்து வைக்கின்றன. பசுவின் களஞ்சியம் ஒரு நாளைக்கே போதுமானது. அந்த ஒரு நாளைப் பிழையின்றிப் பயன்படுத்துவதே கருவூட்டுவோரின் பொறுப்பு.

தகுதி பெறுதல்

விந்தணுவுக்குக் கருக்குழாய் அளிக்கும் மற்றொரு கொடை, முட்டையைத் துளைக்கும் தகுதியாகும். 1951-இல் அமெரிக்காவில் சாங் என்பவரும், ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்பவரும் தனித்தனியே இவ்வுண்மையைக் கண்டறிந்தனர். முயலின் கருக்குழாயில், முட்டை வெளிப்பட்ட பின் புதிய விந்தணுக்களை நேரே செலுத்தியபோது கருவுறுதல் நிகழவில்லை. சில மணி நேரம் முன்னதாகச் செலுத்தியபோது நிகழ்ந்தது. பெண்ணின் கருவழியில் சிறிது காலம் தங்கினாலன்றி விந்தணு செயல்திறன் பெறாது என்பது இதனால் உறுதியாயிற்று.

அக்காலத்தில் விந்தணுவில் நேரும் மாறுதல்களை வேதியியலார் பின்னர் ஒவ்வொன்றாக விளக்கினர். கருக்குழாய் நீரில் பைகார்பனேட் உப்பு மிகுந்துள்ளது. அது விந்தணுவினுள் புகுந்து சில நொதிகளைத் தூண்டுகிறது. நீரிலுள்ள ஆல்புமின் போன்ற புரதங்கள், விந்தணுவின் மென்படலத்திலிருந்து கொழுப்புப் பொருளான கொலஸ்டிராலை அகற்றுகின்றன, மென்படலம் நெகிழ்கிறது. முன்னர் கூறிய புரதப் போர்வை களைகிறது. அதனால் சுவரின் பிடியும் தளர்கிறது. கால்சியம் உட்புக, விந்தணு தன் வாலைச் சாட்டை போல வீசத் தொடங்கி, பிடியை அறுத்துக்கொண்டு மேலே செல்கிறது. முட்டையை அணுகியதும் தலையின் நுனியிலுள்ள அக்ரோசோம் என்னும் உறை திறந்து, துளைக்கும் நொதிகள் வெளிப்படுகின்றன.

காளையின் விந்தணுவைப் பொறுத்தவரை, ஹெபாரின் என்னும் பொருளைக் கொண்டு ஆய்வுக் கலத்திலேயே இத்தகுதியை ஏற்றலாம் என்பது 1988-இல் வெளியான ஆராய்ச்சியால் விளங்கியது. ஹெபாரினை ஒத்த பொருள்களே பருவக் காலத்தில் பசுவின் கருக்குழாய் நீரிலும் உள்ளன. கலத்தில் கருவுறச் செய்து கன்று பெறும் தொழில்நுட்பம் இன்று உலகெங்கும் இம்முறையையே பெரிதும் சார்ந்துள்ளது.

கருக்குழாய் நீர் முட்டையையும் பண்படுத்துகிறது. அதற்கே உரிய ஒரு சர்க்கரைப் புரதம் முட்டையின் வெளியுறையில் படிந்து அதனை உறுதியாக்குகிறது. ஒரு முட்டைக்குள் பல விந்தணுக்கள் நுழைந்தால் கரு அழிந்துவிடும். கலத்தில் கருவூட்டும்போது, முக்கியமாகப் பன்றிகளில், இவ்விபத்து அடிக்கடி நேர்கிறது. உடலினுள் அரிதாகவே நேர்கிறது.

உறைவிந்தின் குறைபாடு

உறைய வைத்து உருக்குவதால் விந்தணுவின் மென்படலம் ஓரளவு பழுதடைகிறது. அதன் விளைவாக, தகுதி பெறுதலை ஒத்த மாறுதல்கள் உரிய காலத்துக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றன. கருக்குழாயின் சுவரில் ஒட்டும் ஆற்றல் குறைகிறது, வாழ்நாளும் சுருங்குகிறது. பெண்கன்று பெறுவதற்காக இனம் பிரித்த விந்துக் குச்சிகளில் பெரும்பாலும் 20 முதல் 40 லட்சம் விந்தணுக்களே இருப்பதால், அங்கு இக்குறைபாடு மேலும் உணரப்படுகிறது.

ஆகவே, காளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நீந்தும் வேகத்தை மட்டும் அளந்தால் போதாது. கருக்குழாய்ச் சுவரில் ஒட்டும் திறனையும் அளக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றுள்ளது. இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும் கருக்குழாயின் உட்சுவரைச் சிறு துண்டுகளாக எடுத்து, வளர்ப்பு நீரில் இட்டு, அதனுடன் விந்தணுக்களைச் சேர்த்து, ஒட்டியவற்றை எண்ணுவதே இதற்கான முறை. பெல்ஜிய நாட்டின் கெண்ட் பல்கலைக்கழகத்தினர் 2002-இல், களத்தில் வெவ்வேறு அளவில் பலனளித்த காளைகளை இம்முறையால் ஒப்பிட்டனர். நம் நாட்டில் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எருமைக் காளைகளைக் கொண்டு இத்தகைய ஆராய்ச்சி நடத்தி, கருவூட்டும் திறனில் வேறுபடும் காளைகள் ஒட்டும் திறனிலும் வேறுபடுகின்றன என 2019-இல் வெளியிட்டனர். ஆடுகோடியிலுள்ள கால்நடை ஊட்ட, உடலியங்கியல் நிறுவனத்தினர், காளை விந்தணுக்களில் அடங்கியுள்ள ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளின் முழுத் தொகுப்பை ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டுள்ளனர். வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கும் காளைகளின் உள்திறனை வேறுபடுத்தி அறிய இத்தகைய ஆய்வுகள் துணைபுரியும்.

இவ்வகைச் சோதனைகளின் மதிப்பு பொருளாதார அளவில் பெரிது. ஒரு காளையின் விந்து பல ஆயிரம் பசுக்களுக்குச் செல்கிறது. திறன் குறைந்த ஒரு காளையை முன்னரே விலக்கினால், பல ஆயிரம் வீடுகளில் ஒரு பருவம் வீணாவது தவிர்க்கப்படும்.

தொழுவத்துக்கு வரும் பயன்

ஆய்வுக் கூடத்து உண்மைகள் தொழுவத்துக்கும் பயன்பட வேண்டும். பசுவின் பருவம் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கிறது. பருவம் முடிந்து 10 முதல் 12 மணி நேரம் கழித்தே முட்டை வெளிப்படுகிறது. விந்தணுக்கள் போதிய அளவில் கருக்குழாயை அடைய 6 முதல் 12 மணி நேரம் தேவை. முட்டையோ சில மணி நேரமே கருவுறும் நிலையில் இருக்கும். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், காலையில் பருவக்குறி தோன்றிய பசுவுக்கு மாலையிலும், மாலையில் தோன்றியதற்கு மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும் என்ற பழைய விதியின் காரணம் புலப்படும். மிக முந்திப் போட்டால், முட்டை வருமுன் உறைவிந்தின் ஆயுள் முடிந்துவிடுகிறது. பிந்திப் போட்டால், விந்தணு தகுதி பெறுமுன் முட்டை கெட்டுவிடுகிறது.

வழும்பு கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது பசுவை வளர்ப்போர் எளிதில் செய்யத்தக்க சோதனை. அது கலங்கியோ, வெண்மையாகவோ, சீழ் கலந்தோ இருந்தால் அப்பருவத்தில் ஊசி போடுவதால் பயன் இல்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சிகிச்சை செய்த பின்னரே அடுத்த பருவத்தை எதிர்நோக்க வேண்டும். எருமைகளில் பருவக்குறிகள் பெரும்பாலும் வெளிப்படையாகத் தோன்றாமையால், காலை மாலை இருவேளையும் கூர்ந்து கவனித்தல் அவசியம். கன்று ஈனும் இடத்தைத் தூய்மையாக வைத்திருப்பதும், நஞ்சுக்கொடி விழாதபோது முரட்டுத்தனமாகப் பிடித்து இழுக்காதிருப்பதும் கருப்பையின் நலத்தைக் காக்கும். கருப்பையின் நலமே அடுத்த சினையின் அடிப்படை.

சினை ஊசி தவறும்போது குற்றம் காளையினுடையதா, பசுவினுடையதா, ஊசி போட்டவருடையதா என்னும் வழக்கு ஊர்தோறும் எழுகிறது. கருவுறுதல் என்பது தனியொருவரின் செயலன்று. விந்தணுவும், அதனை ஏற்றுப் பேணும் கருவழியும், இரண்டையும் உரிய வேளையில் சந்திக்கச் செய்யும் மனிதனும் சேர்ந்து முடிக்கும் செயல் அது. முதலில் கூறப்பெற்ற இரண்டு பசுக்களுள் சினை பிடிக்காததைக் கறவை முடிந்ததெனத் தள்ளிவிடுவதற்கு முன், அதன் வழும்பையும் ஊசி போட்ட நேரத்தையும் ஒருமுறை ஆராய்வது நன்று. விடை பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.